நாற்பது செகண்டு, ஐயா

“அந்தக் கடைசி லைட் எவ்வளவு நேரத்துல இறங்கும் தம்பி?”

“நாற்பது செகண்டு, ஐயா.”

“நாற்பதா? சரி.”

எங்கள் இருவருக்கும் நடுவே நடந்த பேச்சு இவ்வளவுதான். எங்கள் நாடகத்தில் அப்பாவாக நடிக்கும் ஐயா மேக்கப் போடப் போய்விட்டார், லைட் போடும் நான் மறுபடி ஏணியில் ஏறிவிட்டேன். ஐந்து மாதம் ஆகிறது. இந்த மூன்று வரியையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். என் பதிலில் பிழை எதுவும் தெரியவில்லை. கேட்டார், உள்ளதைச் சொன்னேன்.

அவர் கேட்டபோது எல்இடி பார் விளக்குகளுக்கு அட்ரஸ் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் 7 சேனல், அதாவது தனித்தனியாக ஏற்றி இறக்கக்கூடிய ஏழு கட்டுப்பாடு; அந்த ஏழும் எந்த எண்ணில் தொடங்குகிறது என்பதுதான் அட்ரஸ். 1, 8, 15, 22 என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போக வேண்டும், ஒன்று பிசகினால் பக்கத்து விளக்கும் சேர்ந்து குழம்பும். ஹால் எங்கள் கைக்கு வந்ததே காலை பத்து மணிக்கு, ஷோ மாலை ஆறரைக்கு. அந்த நேரத்தில் யார் என்ன கேட்டிருந்தாலும் என் வாயிலிருந்து எண்தான் வந்திருக்கும். கொஞ்ச நாள் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சியில் ஐயா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மகனுடைய சட்டையை மடிப்பார். கோபித்துக்கொண்டு போன மகன் இனி வரமாட்டான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பார். வெளிச்சம் இறங்கத் தொடங்கும். அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே, “சாப்பிட்டுட்டுப் போயிருக்கலாம்” என்பார். அப்புறம் இருட்டு.

ஒத்திகையில் இந்த வரி எந்த நாளும் ஒரே இடத்தில் வந்ததில்லை. ஒருநாள் வாசலைப் பார்த்த கையோடு சொல்லிவிட்டார். இன்னொரு நாள் சொல்லவே மாட்டாரோ என்று காத்திருந்தோம், டீ கொண்டுவந்த பையன்கூடத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான். வாசலைப் பார்ப்பதிலிருந்து காட்சி முடிவு வரை, நான் ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்து இரண்டு நாள் அளந்தேன். ஒருநாள் 36 செகண்டு, மறுநாள் 44. நோட்டில் 40 என்று எழுதிக்கொண்டேன். அந்த 40 பிறந்த கதை அதுதான். இரண்டே நாள் கணக்கு.

கையாலேயே இறக்கியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் பயன்படுத்துவது கியூஎல்சி பிளஸ். விளக்குகளை இயக்கும் இலவச மென்பொருள், பழைய லேப்டாப்பிலும் ஓடும், எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது. நாடகத்தில் வெளிச்சம் மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு க்யூ, அந்த 43 க்யூவையும் அதில்தான் அடுக்கியிருந்தேன். விளக்குக்குச் செய்தி போவது டிஎம்எக்ஸ் வழியாக. 1986-ல் அமெரிக்காவில் வகுத்த முறை, ஒரு கேபிளில் 512 சேனல், ஒவ்வொரு சேனலுக்கும் 0 முதல் 255 வரை படிகள். ஹாலஜன் விளக்கில் இந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியாது. இழை ஆறக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், அதனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே வெளிச்சம் வழுக்கிக்கொண்டு இறங்கும். எங்களிடம் இருந்த விலை குறைந்த எல்இடி சொன்ன உடனே சொன்ன இடத்தில் நிற்கும். 5, 4, 3 என்று அடியில் இறங்கும்போது ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் துள்ளும். கம்ப்யூட்டரோடு இணைத்துக் கையால் தள்ளும் சாதாரண மிடி ஃபேடரால் இறக்கினால் 128 படிதான் கிடைக்கும், துள்ளல் இன்னும் அதிகம்.

அதனால் இப்படிச் செய்தேன். எல்இடி எல்லாம் 30 செகண்டில் அணைந்துவிடும். அந்தத் துள்ளல் தெரியாதபடி ஹாலில் இருந்த ஒரு பழைய 1000 வாட் ஹாலஜனை வெளிச்சம் குறையாமல் நிறுத்தி வைப்பேன். கடைசி 10 செகண்டு அது மட்டும் தனியாக இறங்கும். ஹாலஜன் மங்க மங்கச் செம்மையேறும், அகலில் எண்ணெய் வற்றுவது போல. இரண்டு இரவு உட்கார்ந்து சரிசெய்த க்யூ அது. அதே நேரத்தில் வெளியே பஸ் போகும் சத்தத்தையும் நான்தான் குறைக்க வேண்டும். எனக்கு உதவிக்கு ஆள் கிடையாது. தானாக ஓடும்படி வைத்ததற்குக் காரணம் இருந்தது.

முதல் நாள் அந்த வரி சரியாக 30-வது செகண்டில் வந்தது. எல்இடி அணைந்து, செம்மை மட்டும் அவர் தோளில் மிச்சமிருந்தபோது. முன்வரிசையில் யாரோ விசும்பியது பின்னால் எனக்குக் கேட்டது. இயக்குநர் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டாம் நாளும் 30. ‘ஐயாவுக்கு வெளிச்சம் பிடிபட்டுவிட்டது’ என்று சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் நாள்தான் பார்த்தேன். மடித்த சட்டைக்குக் கீழே அவருடைய வலது கை. சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி, கட்டைவிரல் ஒவ்வொரு கணுவாக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு விரலுக்கு மூன்று, ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு. ஐயா எண்ணிக்கொண்டிருந்தார். பக்கவாட்டு விளக்கை அந்தக் கை மேல் விழும்படி கட்டியதும் நான்தான்.

அன்றைக்கும் வரி அழகாகவே வந்தது. அதை மறைக்க மாட்டேன். யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் ஒத்திகையில் டீக்காரப் பையனை நிறுத்திய மனிதர் அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார், மகனுக்காகப் பார்க்கவில்லை, முப்பதுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்படித் தோன்றியது. தோன்றிய பிறகு வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

ஷோவுக்கு ஒரு வாரம் முன்பு டீ குடிக்கும்போது ஐயா ஒன்று சொல்லியிருந்தார். அவர் இளைஞராக நடித்த காலத்தில் லைட் போடுகிறவர் விங்கில், மேடையின் பக்கவாட்டு மறைவில், நிற்பாராம். “என் முகத்தைப் பாத்துக்கிட்டேதான் கைப்பிடியை இறக்குவாரு. நான் கண்ணை எடுத்தாத்தான் அவரு கையை எடுப்பாரு.” பழைய கதையாக அதைக் கேட்டுத் தலையாட்டினேன். அப்படிப்பட்ட கைகள் செய்ததையெல்லாம் படித்து வியந்தவன்தான் நானும். 1959-ல் கொல்கத்தா மினர்வா அரங்கில், உத்பல் தத்தின் நாடகத்தில், சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை ஒளியமைப்பாளர் தாபஸ் சென் வெறும் வெளிச்சத்தால் காட்டினார் என்பதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். எதிரே ஐயா உட்கார்ந்து அதே மாதிரி ஒரு கையைப் பற்றிச் சொன்னபோது எனக்கு உறைக்கவில்லை. “எவ்வளவு நேரத்துல இறங்கும்?” என்று அவர் கேட்டது நேரத்தைத்தானா? “நீங்க சொல்ற வரைக்கும் இருக்கும் ஐயா” என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும், ஏனென்றால் க்யூ 40-ல் முடியும். பொய் சொல்லி அவர் இருட்டில் வசனம் பேசும்படி ஆகியிருந்தால் அது இதைவிடப் பெரிய துரோகம்.

இதை இயக்குநரிடம் சொன்னபோது அவர் வேறொன்று சொன்னார். ஒத்திகையில் இரண்டு முறை அந்த வரி ஐயாவுக்கு மறந்தே போயிருக்கிறது. நாங்கள் கனமான மௌனம் என்று நினைத்தது சில நாள் மறதியாக இருந்திருக்கலாம். “எழுபத்திரண்டு வயசு. பிடிச்சுக்க ஒண்ணு கிடைச்சிருக்கு. அதை ஏன் பிடுங்குற?” என்றார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். பையன் தட்டோடு நின்ற அந்த நாள் எந்த வகை என்பது மட்டும் எனக்குத் தெரியவேண்டும் போலிருக்கிறது. அதை யாரிடம் கேட்பது?

நான்காம் நாள், கடைசி ஷோவுக்கு முன்னால், அந்த க்யூவை மூன்றாக உடைத்தேன். பாதி வரை இறங்கி நிற்கும். நான் தட்டினால் எல்இடி அணையும், ஹாலஜன் நிற்கும். மறுபடி தட்டினால்தான் அதுவும் இறங்கும். செய்து முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் நாளே செய்திருக்கலாம். பஸ் சத்தத்தைத் தானாகக் குறையும்படி வைத்துவிட்டு அவர் முகத்தை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஐயாவிடம் சொல்லவில்லை. மேக்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் போய் ‘இனிமேல் எண்ணாதீங்க’ என்று எப்படிச் சொல்வது? எண்ணுவதை நான் பார்த்துவிட்டேன் என்பதே அவரைச் சுருக்கிவிடும் என்று பயந்தேன். இன்றைக்கு யோசித்தால், என் பதிலை நான் திரும்பப் பெற வேண்டிவரும் என்ற பயமும் அதில் இருந்திருக்கிறது.

வெளிச்சம் பாதியில் நின்றது. அவருக்காகக் காத்திருந்தேன். கட்டைவிரல் கணுக்களில் ஏறியது. அவர் வாயைத் திறக்கப்போகிறார் என்று தெரிந்ததும் தட்டினேன், எல்இடி அணைந்தது, வரி வந்தது. அவர் தலை குனிந்ததும் மறுபடி தட்டினேன். வீட்டுக்கு வந்து வீடியோவில் பார்த்தால் மொத்தம் 41 செகண்டு. நான் அவருக்காகக் காத்திருந்தேன், அவர் நாற்பதுக்காகக் காத்திருந்தார்.

மேக்கப்பைத் துடைத்துக்கொண்டே, “லைட் கச்சிதம் தம்பி, ஒரு செகண்டுகூடப் பிசகலை” என்று என் கையைப் பிடித்தார். அந்த வலது கையால்தான் பிடித்தார்.

அடுத்த மாதம் வேறு ஊரில் அதே நாடகம். நேற்று இரவு ஐயா ஃபோன் செய்தார். சாப்பிட்டாயா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, வைக்கப்போகும் முன் கேட்டார்: “இந்தத் தடவையும் அதே நாற்பதுதானே?”

கொஞ்சம் யோசித்தேன். அவர் மறுமுனையில் பேசாமல் இருந்தார்.

“ஆமாம் ஐயா” என்றேன்.

ஃபைலில் அந்த க்யூ இன்னும் மூன்றாகத்தான் இருக்கிறது.