கொட்டியது பாதி, கட்டியது பாதி

சட்டியில் இறுகிப்போன சாந்தைக் "கொட்டிடுங்க" என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரி மறுக்கவில்லை. கேள்வி மட்டும் கேட்டார்: "கொட்டிடலாம் சார். இதே சட்டியிலேருந்து எடுத்துத்தானே மேல நாலு வரி செங்கல் கட்டியிருக்கு? அதை என்ன பண்றது?"

அந்தக் கேள்வி இன்னும் குடைந்துகொண்டிருக்கிறது.

கலவை 1:1:6. பெட்டி அளவில் ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், உச்சி வெயில், தண்ணீர் விட்டு இரண்டு மணி நேரம் ஆகப்போகிறது. சட்டியில் மிஞ்சியது இறுகிவிட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் குழைத்தால் ஓட்டிவிடலாம் என்பது மேஸ்திரியின் கணக்கு.

அவர் சொன்னது தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. இறுகலில் இரண்டு வகை. வெயிலில் தண்ணீர் ஆவியாகி இறுகுவது ஒன்று. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்து கோத்துக்கொள்வது, அதாவது செட் ஆவது, இன்னொன்று. முதல் வகைக்கு, போன தண்ணீரைத் திரும்ப விட்டால் சரியாகிவிடும். கட்டுவேலைச் சாந்துக்கான அமெரிக்கத் தரம் ஏஎஸ்டிஎம் சி270 இதை அனுமதிக்கவே செய்கிறது: ஆவியாகி இறுகிய சாந்தில் தேவைக்கேற்பத் தண்ணீர் சேர்த்துக் குழைக்கலாம், ஆனால் கலந்த 2½ மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அழுத்த வலிமை கொஞ்சம் குறையும். செங்கல்லோடு பிடிப்பு கூடும். கைப்பிடிச் சுவருக்குப் பெரிதாக என்ன பாரம் இருக்கிறது? மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க வேண்டும். அதற்கு வலிமையைவிடப் பிடிப்புதான் முக்கியம். இப்படிப் பார்த்தால் நியாயம் மேஸ்திரி பக்கம்தான்.

ஆனால் இரண்டாவது வகை வேறு. கோக்கத் தொடங்கிய சாந்தைத் தண்ணீர் விட்டு உடைத்தால், உருவான பிணைப்பு அறுந்துவிடும். பார்வைக்கு மறுபடி குழைவாகத்தான் இருக்கும். செங்கல்லுக்கு அடியில் போனபின் அது கிட்டத்தட்ட வெறும் மணல் மாதிரிதான் நிற்கும்.

எந்த வகை என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பிடி எடுத்து, சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் கரணையால் நன்றாக மடித்து மடித்துத் தேய்க்க வேண்டும். மெல்ல மெல்லக் குழைவு திரும்பினால் இன்னும் செட் ஆகவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் பொடிப்பொடியாகவே உதிர்ந்தால், உதிரியின் விளிம்பு கூராக நின்றால், செட் தொடங்கிவிட்டது. நான் எடுத்த பிடி உதிர்ந்தது. அதனால்தான் கொட்டச் சொன்னேன். ஆனால் அதை எடுத்தது சட்டியின் ஓரத்தில், வெயில் நேராக விழுந்த பக்கத்தில். அங்கே சாந்து வெறுமனே உலர்ந்து போயிருந்தாலும் தண்ணீர் இல்லாமல் உதிரத்தான் செய்யும். நடுவிலும் ஒரு பிடி எடுத்துத் தேய்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

சிமெண்ட் மூட்டையைப் பற்றிய குறிப்பில் வரும் ஆரம்ப செட்டிங் நேரத்தைக் காட்டி வாதிடுகிறவர்கள் உண்டு. விகா ஊசி வைத்து எடுக்கும் கணக்கு அது. 300 கிராம் எடையோடு இறங்கும் மெல்லிய ஊசி, 40 மில்லிமீட்டர் ஆழ அச்சில் நிரப்பிய வெறும் சிமெண்ட் பசைக்குள் எவ்வளவு போகிறது என்று ஆய்வகத்தின் நிலையான வெப்பத்தில் பார்ப்பார்கள். மணலும் சுண்ணாம்பும் கூடுதல் தண்ணீரும் சேர்ந்து வெயிலில் கிடக்கும் சட்டிக்கு அந்த எண் பொருந்தாது. தண்ணீர் கூடினால் செட் தள்ளிப்போகும், வெப்பம் கூடினால் முந்தும். எனக்குச் சாதகமாகவும் இதைச் சொல்லலாம், அவருக்குச் சாதகமாகவும் சொல்லலாம்.

சரி, அந்த நாலு வரி. கட்டியபின் அசையாமல் இருக்கும் சாந்து அங்கேயே செட் ஆவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆக வேண்டியதும் அதுதான். வைக்கும்போதே இறுகியிருந்ததா என்பதுதான் கேள்வி. மேல் வரியில் கடைசியாக வைத்த கல்லைத் தூக்கிப் பார்த்தோம். பிடிப்பு நன்றாக இருந்தால் சாந்து கிழிந்து மேல் கல்லிலும் கீழ் கல்லிலும் ஒட்டியிருக்கும். இந்தக் கல்லின் அடிப்பக்கம் ஒரு முனையில் துடைத்தாற்போல் வந்தது. மேல் வரியைப் பிரித்து, கல்லைச் சுரண்டிக் கழுவி, புதுச் சாந்தில் வைக்கச் சொன்னேன். கீழ் மூன்று வரியும் நிற்கட்டும் என்றேன். அவை குழைவு இருந்தபோது வைத்தவை.

இந்தக் கோட்டை ஏன் அங்கே போட்டேன் என்பதற்கு உறுதியான பதில் இல்லை. மேலிருந்து இரண்டாவது வரியையும் தூக்கிப் பார்த்திருக்கலாமே என்றால், செட் ஆகிக்கொண்டிருக்கும் கல்லைத் தூக்கினால் நல்ல பிடிப்பும் போய்விடும். சோதனையே கேடு. அதைவிட உறுத்துவது கல். மேல் கல் சுத்தமாகக் கழன்றதற்குச் சாந்து காரணமாகவே இருக்க வேண்டியதில்லை. வெயிலில் காய்ந்த செங்கல் புதுச் சாந்திலிருந்தும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்போதும் அடிப்பக்கம் இப்படித்தான் வரும். கல்லின் படுக்கைப் பக்கத்தில் 25 மில்லிமீட்டர் அளவு வட்டம் போட்டு, அதற்குள் 20 சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். 90 வினாடிக்குள் உறிஞ்சிவிட்டால் கல்லை நனைத்து, மேற்பரப்பு ஈரம் வற்றியபின் வைக்க வேண்டும். அடுக்கிலிருந்த கல் அதற்கு முன்பே குடித்துவிட்டது. காரணம் கல்தான் என்றால் குறை மேல் வரியோடு நிற்காது, நாலு வரிக்கும் உண்டு. சுண்ணாம்பு இருக்கிறதே, மயிரிழை விரிசலில் கரைந்து படிந்து தானே அடைத்துக்கொள்ளுமே என்று தேற்றிக்கொள்ளலாம். விரிசல் அடையும், பிடிப்பே விழாத கல்லை அது ஒட்டவைக்காது.

தண்ணீர் தெளித்துக் குழைக்கும் மேஸ்திரியின் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. களிமண் கலக்காத சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவால்தான் இறுகும். ஈரம் போகாமல் மூடிவைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும், குழைக்கக் குழைக்க நயம் கூடும். களிமண் சேர்ந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டது தண்ணீரில் இறுகும் ஜாதி. இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்காக 1756-ல் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் சுண்ணாம்புக்கற்களை அமிலத்தில் கரைத்து, மிஞ்சிய களிமண்ணைப் பார்த்துத்தான் இந்த வித்தியாசத்தைப் பிடித்தார். அந்த ஜாதிக்கு இப்போது என்ஹெச்எல் (இயற்கையாகவே தண்ணீரில் இறுகும் சுண்ணாம்பு) 2, 3.5, 5 என்று தரம் பிரித்திருக்கிறார்கள்; 28 நாள் வலிமை முறையே 2–7, 3.5–10, 5–15 மெகாபாஸ்கல். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் வரம்புகள். மூட்டையில் உள்ள எண்ணைப் பார்த்து, இதை எவ்வளவு நேரம் குழைக்கலாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1:1:6-ல் சுண்ணாம்பு குழைவைத் தருகிறது, கெடுவை வைப்பது சிமெண்ட். கரணைக்குத் தெரிவது குழைவு மட்டும்.

அதன்பின் அரை மூட்டையாகக் கலக்கலாம் என்று முடிவாயிற்று. அவருக்கு அதிலும் திருப்தி இல்லை. ஒரு மூட்டை என்றால் 35 லிட்டர் பெட்டி, அளவு தப்பாது. மூட்டையைப் பிரித்துப் பாதியைக் கண்ணளவில் கொட்டினால் ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு விகிதம் என்றார். 17.5 லிட்டருக்குத் தனிப் பெட்டி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஈர மணல் பருமனில் கால் பங்குக்கு மேல்கூட உப்பிவிடும் என்பதால், சின்னப் பெட்டியானாலும் மணல் அளவில் அவர் சொல்லும் குறை தீராது.