விடியல் விலங்கு

புதைபடிவத்தைப் போலவே இருந்தும் புதைபடிவம் ஆகாமல் போன கற்களில், என்னால் எளிதில் கடந்துபோக முடியாத ஒன்று கனடாவின் ஈயோசூன். ஒட்டாவா ஆற்றங்கரையில் 1858இல் எடுக்கப்பட்ட அந்தச் சுண்ணக்கல்லை அறுத்து மெருகேற்றினால், வெள்ளைக் கால்சைட், பச்சைச் செர்ப்பென்டைன் என்ற இரு கனிமங்களும் சில மில்லிமீட்டர் கனத்தில் மாறி மாறி, நறுக்கிய வெங்காயத்தின் அடுக்குகளைப் போல வளைந்து செல்வதைக் காணலாம். அடியில் தடித்திருக்கும் பட்டைகள் மேலே போகப் போக மெலிந்து சிறு குமிழ்களாக உடைகின்றன.

மெக்கில் பல்கலைக்கழக முதல்வராக இருந்த ஜான் வில்லியம் டாசன், அதன் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, வெள்ளைப் பட்டை ஓடு என்றும், பச்சைக் கனிமம் சதை இருந்த அறைகளைப் பின்னாளில் நிரப்பியது என்றும் முடிவு செய்தார். கடலில் வாழும் ஒற்றைச் செல் உயிரான ஃபோராமினிஃபெராவின் ராட்சத மூதாதை இதுவே என்று கருதி, 'கனடாவின் விடியல் விலங்கு' எனப் பொருள்படும் பெயரையும் சூட்டினார். டார்வின் 1866இல் வெளிவந்த தம் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் நான்காம் பதிப்பில் இதை மகிழ்ந்து சேர்த்துக்கொண்டார். பரிணாமத்தை ஏற்காத டாசனோ, இதற்கும் அடுத்த உயிர்களுக்கும் நடுவே தொடர்ச்சியே இல்லை என்று சொல்லி, அதே கல்லை டார்வினுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தினார்.

அயர்லாந்தின் கால்வேயில் இருந்த வில்லியம் கிங்கும் தாமஸ் ரோனியும் அதே 1866இலேயே மறுத்தார்கள்: ஓட்டின் நுண்குழல்கள் என்று டாசன் காட்டியவை கிரைசோடைல் இழைகள், அதாவது வெறும் கனிமம். வழக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இழுத்தது. வெசுவியஸ் எரிமலை வெளியே எறிந்த, தீக்குழம்பில் வெந்த சுண்ணக்கற்களிலும் அதே பட்டைகள் இருப்பதை ஜான்ஸ்டன்-லேவிஸும் கிரெகரியும் 1894இல் காட்டியபோதுதான், வெப்பத்தில் கனிமங்கள் தாமாகவே இப்படி அடுக்கடுக்காகப் பிரியும் என்பது பலருக்கும் உறுதியானது.

டாசனை நகைப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆஸ்திரேலியாவின் ஏபெக்ஸ் செர்ட் பாறையில், ஏறத்தாழ 346 கோடி ஆண்டு பழைய நுண்ணுயிர் இழைகள் இருப்பதாக வில்லியம் ஷாஃப் 1993இல் அறிவித்தார். அவை வெந்நீர் ஊற்று வழிகளில் உருவான கரிப்படிவுகளே என்று மார்ட்டின் பிரேசியர் குழு 2002இல் எதிர்வாதம் வைத்தது. நம்மிடம் டாசனுக்குக் கிட்டாத கருவிகள் இருந்தும், இழையின் வடிவத்தை மட்டும் வைத்து யாராலும் அங்கே தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. டாசன் 1899இல் இறக்கும்வரை தம் விலங்கைக் கைவிடவில்லை.