பிளஷ் டேங்க் ஒழுகுதா? புது வால்வு வாங்கும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

ராத்திரி பகலாக டேங்கில் "ஸ்ஸ்ஸ்" என்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் ஒருவழியாக நின்றது. தீர்த்து வைத்தது ஒரு சின்ன ரப்பர் வாஷர். அதற்கு முன் தர்மபுரி டவுனுக்கு இரண்டு நடை வீண், ஒரு புது வால்வும் தண்டம். பென்னாகரம், பாப்பாரப்பட்டி, காரிமங்கலம் பக்கம் போர் தண்ணியை மேலே ஏற்றிப் புழங்கும் வீடுகளில் இது இன்றில்லாவிட்டால் நாளை வரும்.

முதலில் டேங்க் மூடியைத் தூக்குங்கள். நடுவே நிமிர்ந்து நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் தண்ணீர் வழிந்தால், கோளாறு டேங்கில் தண்ணீர் நிரப்பும் பால் வால்வில். மட்டம் குழாய் வாய்க்குக் கீழே இருந்தும் டேங்க் அடிக்கடி தானாக நிரம்பினால், கோப்பைக்குத் தண்ணீர் இறங்கும் ஓட்டையை அடியில் மூடியிருக்கும் பிளாப்பர் ரப்பரைப் பாருங்கள். சந்தேகம் என்றால், டேங்குக்கு வரும் தண்ணீரை நிறுத்தச் சுவரில் இருக்கும் ஆங்கிள் காக்கை மூடி, டேங்கில் நாலு சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் பிளஷ் பண்ணாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் பிளாப்பர்தான்.

அந்த ஆங்கிள் காக்தான் பெரிய வம்பு. வருஷக்கணக்கில் திருகாமல் விட்டால் உப்பு படிந்து இறுகிவிடும். பிளையர் போட்டு முறுக்கினால் உள்தண்டு ஒடியும், தண்ணீர் பீய்ச்சும். மாடி டேங்குக்குக் கீழே உள்ள கேட் வால்வை முதலில் மூடிவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் இளகும். மாதம் ஒரு முறை திருகி விட்டாலே இந்தத் தொல்லை வராது.

தண்ணீர் நின்றதும் பிளஷ் பண்ணி டேங்கைக் காலி செய்து, பால் வால்வின் தலைமூடியைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே வட்டமான ரப்பர் வாஷர் இருக்கும், டயாஃப்ரம் என்பார்கள். அதில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று. அதன் வழியாக ஏறும் தண்ணீரின் அழுத்தம்தான் ரப்பரை அமுக்கி வால்வை மூடுகிறது. நம் கருங்கல் பூமித் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு அந்த ஓட்டையை அடைத்தால் வால்வு மூடவே மூடாது. ரப்பருக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு மணல் துகள் மாட்டினாலும் இதே கதிதான்.

அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து அந்த ரப்பரை அரை மணி நேரம் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். ஓட்டையை ஊக்கால் குத்தக் கூடாது, பெரிதானால் ரப்பரே வீண். பிரஷ்ஷிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி நுழைத்தால் போதும். டேங்கில் ஆசிட் ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், ரப்பர் எல்லாம் கெட்டுவிடும்.

வால்வின் மூடியைத் திருப்பிப் போடுவதற்கு முன், திறந்த வால்வின் மேல் ஒரு கப்பைக் கவிழ்த்துப் பிடித்து, காக்கைச் சில நொடி திறந்து மூடுங்கள். குழாயில் தங்கிய மணல் வெளியே வந்துவிடும். இதை விட்டால் புது வாஷரும் அன்றைக்கே ஒழுகும்.

ரப்பர் விறைத்தோ கிழிந்தோ இருந்தால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். வால்வையே மாற்றுவதென்றால் தண்ணீர் பக்கவாட்டில் ஏறுகிறதா, அடியிலிருந்து ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள். கடையில் கேட்கமாட்டார்கள். அடியில் ஏறும் என் டேங்குக்கு சைடு வால்வைக் கொடுத்துவிட்டு, "கவர் பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார்கள். இரண்டாவது நடை அதனால்தான்.

புது வால்வை மாட்டும்போது, டேங்கு ஓட்டையை அடைக்கும் ரப்பர் வாஷர் டேங்குக்கு உள்பக்கம். வெளி நட்டைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று மட்டும். அதற்கு மேல் போனால் பீங்கான் விரியும். கனெக்‌ஷன் பைப்பின் முனையில் வாஷர் இருப்பதால் அங்கே டெஃப்லான் டேப் வேண்டாம்.

மிதவையை, ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஒரு இன்ச் கீழே தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். வால்விலிருந்து வரும் சின்ன ரீஃபில் டியூபை ஓவர்ஃப்ளோ குழாயின் வாயில் கிளிப் போட்டு நிறுத்துங்கள், உள்ளே ஆழமாகச் செருகினால் டேங்குத் தண்ணீரை உறிஞ்சி இறக்கிவிடும். ராத்திரி நட்டுக்குக் கீழே காய்ந்த காகிதத்தை விரித்து வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் அது காய்ந்தே இருந்தால் வேலை முடிந்தது.