நடுவரின் பதற்றத்தை ஆய்வுத் தலைப்பாக எடுப்பவர்களுக்கு

விளையாட்டு உளவியல் முதுகலை ஆய்வேட்டுக்குக் கால்பந்து நடுவர்களின் பதற்றத்தை நான் தலைப்பாக எடுத்தபோது, ஆட்டக்காரர்களுக்கு உரிய பயிற்சிகளையே சற்று மாற்றிக் கொடுத்தால் போதும் என்று பலரும் சொன்னார்கள். நடுவர்களோடு பேசிப் பழகிய பிறகு அக்கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கோல் வாய்ப்பைத் தவறவிட்ட ஆட்டக்காரர் அடுத்த வாய்ப்பில் அதைச் சரிக்கட்டிவிடலாம். ஓர் அணிக்குத் தவறாகப் பெனால்டி கொடுத்துவிட்ட நடுவர், அதை ஈடுகட்ட மற்ற அணிக்கும் ஒன்றைக் கொடுத்தால் அது இரண்டாவது தவறாகவே முடியும். ஆகவே, ஐயத்துக்குரிய ஒரு முடிவுக்கும் அடுத்த விசிலுக்கும் இடையே அவர் மனத்தில் ஓடுவதைத்தான் முதலில் கேட்டறிய வேண்டும்.

இதற்கு எனக்குப் பெரிதும் உதவியது, ஆல்பர்ட் எல்லிஸ் 1950களில் உருவாக்கிய பகுத்தறிவு உணர்வு நடத்தைச் சிகிச்சை. நிகழ்வு நேரடியாகப் பதற்றத்தை உண்டாக்குவதில்லை, அந்நிகழ்வைப் பற்றி நாம் கொண்டுள்ள நம்பிக்கையே அதை உண்டாக்குகிறது என்பது அதன் அடிப்படை. 'நான் தவறே செய்யக் கூடாது, செய்தால் நான் தகுதியற்றவன்' என்ற நிர்ப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, அதற்குச் சான்று உண்டா, அது தர்க்கத்துக்குப் பொருந்துகிறதா, களத்தில் பயன்படுகிறதா என்று மூன்று வகையில் கேள்வி எழுப்புகிறோம். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நிர்ப்பந்தத்தைக் கைவிட்டால் அக்கறையும் போய்விடுமோ என்று நடுவர்கள் உண்மையாகவே அஞ்சுகிறார்கள். 'தவறில்லாமல் நடத்த மிகவும் விரும்புகிறேன், ஆனால் தவறு நேரவே கூடாது என்ற விதி எதுவும் இல்லை' என்று சொல்லும்போது விருப்பத்தின் வலிமை சிறிதும் குறையவில்லை என்பதை அவர்களே உணரும்வரை காத்திருப்பதுதான், என் மதிப்பீட்டில், இச்சிகிச்சையின் பெரும்பகுதி.

ஆய்வு வடிவமைப்பைப் பொறுத்தவரை, பங்கேற்பாளர்கள் குறைவாகவே கிடைப்பார்கள் என்பதால் ஒவ்வொருவரையும் அவருடைய முந்தைய நிலையோடே ஒப்பிடும் ஒற்றை நபர் ஆய்வு முறை பொருத்தமானது. ஒவ்வொருவருக்கும் சிகிச்சையை வெவ்வேறு வாரத்தில் தொடங்கினால், மாற்றம் சிகிச்சையால் வந்ததா அல்லது ஆட்டப் பருவத்தின் போக்கால் வந்ததா என்பதைப் பிரித்தறிவது எளிதாகும்.

பதற்றத்தை மட்டும் அளந்து நிறுத்திவிட்டால், 'முடிவுகளின் தரம் உயர்ந்ததா?' என்று வாய்மொழித் தேர்வில் நிச்சயம் கேட்பார்கள். அலன் நெவிலும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கும்: ஒரே ஆட்டத்தின் காணொளியைக் கூட்டத்தின் ஆரவாரத்தோடு பார்த்த நடுவர்கள், ஒலியின்றிப் பார்த்தவர்களைவிட, சொந்தக் களத்து அணிக்கு எதிராகச் சுமார் 15 விழுக்காடு குறைவாகவே விதிமீறல்களை (ஃபவுல்) அறிவித்தார்கள். இதே வகையில், பதிவு செய்த ஆட்டக் காட்சிகளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் காட்டி முடிவுகளை ஒப்பிடலாம். சிகிச்சைக்கு முன் பார்த்த காட்சிகளையே திரும்பக் காட்டினால் நினைவாற்றல் குறுக்கிடும் என்பதால், கடினத்தன்மையில் இணையான இரண்டு தொகுப்புகளை முன்கூட்டியே தயாரித்துக்கொள்ளுங்கள்.

நடுவர்களுக்கு மதிப்பெண் இடுபவர்களே பெரும்பாலும் அவர்களின் அடுத்த ஆட்ட ஒதுக்கீட்டையும் பாதிக்கக்கூடியவர்கள். எனவே பங்கேற்பாளர்களின் பெயர்கள் மதிப்பெண் இடுபவர்களுக்குத் தெரியவராது என்ற எழுத்துபூர்வ உறுதியை, முதல் உரையாடலுக்கு முன்பே ஒவ்வொரு நடுவரிடமும் கொடுத்துவிடுங்கள்.