கருப்பு ஃப்ளை: வேலூரில் கட்டி நீலகிரியில் வீசியது

ஜனவரி 21, செவ்வாய்

பொய்கை வாரச்சந்தைக்கு விடியும் முன்பே போய்விட்டேன். மாட்டு வியாபாரம் சூடு பிடித்துவிட்டால் சேவல் பக்கம் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. பளபளப்பான கருஞ்சேவல் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, வாலுக்கு மேலே தொங்கும் முதுகு இறகுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். விற்றவர் பெரியவர். "கறி எடையைப் பார்க்காமல் இறகைப் பார்க்கிறாயே தம்பி" என்றார். எனக்கு வேண்டியது அந்த இறகுதான். அதன் இழையை விரலால் வளைத்துவிட்டால் விறைத்து நிமிரக் கூடாது, சோம்பலாகத் துவள வேண்டும். ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்யும் பொய் இரை. தண்ணீர்மேல் மிதக்கும் ஃப்ளைக்கு விறைப்பான இறகு நல்லது. நீருக்குள் இழுத்து வரும் ஃப்ளைக்கு மெத்தென்ற இறகே உயிர். கறி அம்மாவுக்கு, இறகு எனக்கு.

ஜனவரி 23, வியாழன்

ஃப்ளையின் வாலுக்கு வான்கோழியின் தொடைப் பக்கத்து மெல்லிறகு. கிடைத்தது வெள்ளை. ஆம்பூரில் தோல் பதனிடும் வேலையில் இருக்கும் மாமா மகன் கொஞ்சம் கருஞ்சாயப் பொடி கொடுத்திருந்தான். தோலுக்குப் பயன்படும் அமிலச் சாயங்கள் இறகிலும் பிடிக்கும். கொஞ்சம் வினிகர் சேர்த்தால் போதும்.

முதலில் சோப்பு நீரில் அலசி எண்ணெய்ப் பசையை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். தண்ணீர் நன்றாகச் சுட வேண்டும், ஆனால் கொதிக்கக் கூடாது. ஈரத்தில் எல்லாம் கருப்பாகவே தெரியும் என்பதால் ஒன்றை எடுத்து உலர்த்திப் பார்த்தேன். ஊதா சாடை அடித்தது. மறுபடியும் சாயத்திலேயே போட்டு, அடுப்பை அணைத்து, ஆறும்வரை விட்டேன். மாலையில் எடுத்தபோது அசல் கருப்பு.

ஜனவரி 25, சனி

ஆரணி. 1989இல் மாவட்டம் பிரிந்தபோது திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டாலும், எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆரணி இன்னும் வட ஆர்க்காடுதான். பட்டு நெசவு செய்யும் அண்ணன் ஒருவர் தறியில் மிஞ்சிய வெள்ளி ஜரிகையைக் கொஞ்சம் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். தட்டையான மெல்லிய வெள்ளிக் கம்பியைப் பட்டு நூல்மேல் நெருக்கமாகச் சுற்றியதுதான் ஜரிகை. வெளிநாட்டில் ஃப்ளை கட்டுபவர்கள் உடம்பின் மேல் வரிவரியாகச் சுற்றும் வெள்ளி இழையும் ஏறக்குறைய இதே அமைப்புதான். தூண்டில் முள்ளைத் தவிர இந்த ஃப்ளைக்கு வேண்டிய எல்லாமே நம் பக்கத்தில் இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

பிப்ரவரி 1, சனி

இன்று கட்டினேன். ஊலி பக்கர் என்று உலகெங்கும் அறியப்பட்ட ஃப்ளை இது. 1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் உருவாக்கியதாகச் சொல்வார்கள். அதில் முழுக் கருப்பு வகைதான் எனக்குப் பிடித்தது.

நீளத் தண்டுள்ள 8ஆம் எண் முள்ளை வைஸில் (முள்ளை அசையாமல் பிடிக்கும் கருவி) இறுக்கி, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வாங்கிய செம்புக் கம்பியை முன்பாதியில் நெருக்கமாகச் சுற்றினேன். தலைப்பக்கம் கனம் இருந்தால், இழுப்பை நிறுத்தும்போது ஃப்ளை மூக்குக் குத்தி இறங்கும். பிறகு வால். தண்டின் நீளமே வாலுக்கும் போதும். அதைவிட நீண்டால் மீன் வாலை மட்டும் கவ்விவிட்டுப் போய்விடும். வால் கட்டிய இடத்திலேயே ஜரிகை, சேவல் இறகின் நுனி, செனில் என்னும் பஞ்சுபோன்ற தடித்த நூல் மூன்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும். செனிலை முன்னோக்கி நெருக்கமாகச் சுற்றி முடித்து, அதன்மேல் இறகை இடைவெளி விட்டுச் சுற்ற வேண்டும். கடைசியில் ஜரிகை, ஆனால் எதிர்த்திசையில். அப்போதுதான் அது இறகின் தண்டை ஒவ்வொரு சுற்றிலும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும். நான் பிடிக்கப் போகும் ட்ரவுட் மீனின் பல் பட்டு ஓரிடத்தில் அறுந்தாலும் இறகு முழுவதும் அவிழ்ந்து வராது. நூல் கோக்கும் முள்ளின் கண்ணுக்குப் பின்னால் தலை முடிச்சுக்குப் போதிய இடம் விட்டு முடித்து, இரண்டு பூச்சு வார்னிஷ்.

சிமென்ட் தொட்டியில் இழுத்துப் பார்த்தேன். நிறுத்தியதும் வால் விரிந்தது, இழுத்ததும் ஒடுங்கியது. அட்டை நீந்துவது இப்படித்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பாலாற்று மணலில் வீசிப் பழகினேன். முள்ளுக்குப் பதில் நுனியில் சிவப்புக் கம்பளி. ஆற்றில் நீரோட்டம் இருந்திருந்தால் இந்த இடத்தில் நின்று வீசியிருக்கவே முடியாது. அந்த வருத்தம் வீசும்போதெல்லாம் கூடவே இருந்தது.

பிப்ரவரி 8, சனி

காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ். ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும் மீனை வேலூர் வெயிலில் நினைத்துப் பார்க்கவே முடியாது. நீலகிரிக்கும் அது வந்தேறிதான். மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே முயன்று கைகூடாமல் போனதை, எச். சி. வில்சன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டுவந்து சாதித்தார். நீலகிரியின் அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது.

அனுமதி வாங்கிய நீர்த்தேக்கத்தின் கரையில் காலையில் புல்லெல்லாம் உறைபனி. வெயில் ஏறியும் மீன் அசையவில்லை. நான் கவலைப்படவில்லை, ஏனென்றால் கருப்புக்கு உரிய நேரம் அந்தி. வெளிச்சம் மங்கும்போது நிறங்கள் மறையும், உருவம் மட்டும் நிற்கும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் எதிரே கருப்பைப் போலத் தெளிவான உருவம் வேறு இல்லை. கலங்கிய நீரிலும் இதே கணக்குதான்.

ஃப்ளை விழுந்ததும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே மூழ்க விட்டேன். ஒவ்வொரு வீச்சிலும் எண்ணிக்கையைக் கூட்டி, அடியிலுள்ள பாசி தட்டியதும் சற்றுக் குறைத்துக்கொண்டேன். இடக்கை விரல்களால் நூலை எட்டு வடிவில் மெல்ல மெல்லச் சுருட்டினேன். வேகமாக இழுப்பவர்களுக்குச் சில நாள் மீன் விழும் என்பது உண்மை. குளிர்ந்த நீரில் நான் மெதுவையே நம்புகிறேன்.

இழுப்பை நிறுத்திய இடத்தில் நூல் கனத்தது. வெட்டி இழுக்கும் கடி அல்ல, யாரோ பிடித்துக்கொண்டது மாதிரி. கரைக்கு வந்தபோது, பக்கவாட்டில் செவுளிலிருந்து வால்வரை இளஞ்சிவப்புப் பட்டை, முதுகெல்லாம் கரும்புள்ளி. தாடையின் ஓரத்தில் முள். கையை நனைத்துக்கொண்டு, நீரிலிருந்து தூக்காமலே கழற்றிவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஃப்ளையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இறகு முழுசாக இருக்கிறது. ஜரிகையில் ஓரிடத்தில் வெள்ளி பிரிந்து பட்டு தெரிகிறது. அடுத்து கட்டும்போது ஜரிகைமேல் வார்னிஷ் தடவிக் காயவிட்ட பிறகே சுற்றப் போகிறேன். செம்புக் கம்பி உறுதியானது, ஆனால் அந்த மினுக்கம் வராது. ஆரணி ஜரிகையை விட எனக்கு மனமில்லை.

பிப்ரவரி 12, புதன்

மாமா மகனுக்கு இப்போது ஏரி விராலின் மேல் கண். தலைப்பிரட்டையைத் தின்னும் மீன் இதையும் கவ்வும் என்கிறான், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் நம் ஏரிகளில் பாசியும் அல்லிக்கொடியும் அதிகம், முள் நேராகப் போய் மாட்டும். முள்ளின் வாயை மறைத்து நிற்கும்படி ஒரு நைலான் நரம்பை வளைத்துக் கட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறான். அதற்கு 4ஆம் எண் முள் வேண்டும், நாளை கேட்டு எழுத வேண்டும்.