நோட்ஸ் எப்போ சார் தருவீங்க?

அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முதலாண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் என் காதில் அதிகம் விழும் கேள்வி இதுதான். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. பிளஸ் டூ வரை புக் பேக் கேள்விகளைப் புரட்டிப் புரட்டிப் படித்து, ஐந்து மார்க்குக்கு ஐந்து பாயிண்ட் எழுதி, சைடு ஹெட்டிங்குக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் போதும் என்றுதான் நாம் பழக்கியிருக்கிறோம். அதில் கில்லாடியாக இருந்து 600-க்கு நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள்தான் முதல் செமஸ்டரில் பல சமயம் அதிகம் தடுமாறுகிறார்கள்.

இதற்குத்தான் பள்ளியிலிருந்து கல்லூரிப் படிப்புக்குப் பாலமாக, பிரிட்ஜ் கோர்ஸ் என்று ஒன்று வைத்திருக்கிறோம். நடப்பது என்னவோ கொஞ்சம் ஆங்கில இலக்கணம், யாராவது வந்து ஒரு தன்னம்பிக்கைப் பேச்சு, ஒரு குரூப் போட்டோ. ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்ட் டூ ஆங்கிலத் தாளில் அரியர் விழுவதைத்தான் தினமும் பார்க்கிறோமே. ஆனால் வரலாறு படிக்க வந்த பிள்ளைக்கு அந்த நாட்களில் வரலாற்றை எப்படிப் படிப்பது என்று யாருமே சொல்லித் தருவதில்லை.

நான் வேலூரில் தொடங்குவேன். 1806 ஜூலை 10, கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கோட்டைக்குள் கிளர்ந்தெழுந்த வேலூர்ப் புரட்சி. காரணம் கேட்டால் வகுப்பே ஒப்பிக்கும்: புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, கோட்டைக்குள் திப்புவின் மகன்கள். சரி, இதையெல்லாம் நமக்குச் சொன்னது யார் என்று கேட்டால் அமைதி. அப்புறம் யாராவது ஒருவர் "புக்லதான் சார் இருக்கு" என்பார். அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி கம்பெனிக்காரர்களின் விசாரணைத் தாள்களும் கடிதங்களும். சிப்பாய் பேசுவது போல இருக்கும் இடங்களும் பிடிபட்டவர்கள், காட்டிக்கொடுத்தவர்கள் அதிகாரிக்கு முன்னால் சொன்ன வாக்குமூலங்கள்தான். சென்னை கவர்னர் பெண்டிங்க், தளபதி கிராடக் இரண்டு பேரையும் கம்பெனி திரும்ப அழைத்துக்கொண்டது. பெண்டிங்க் தன் பக்க நியாயத்தை எழுதி 1810-ல் அச்சிட்டே வெளியிட்டார். இப்போது யோசித்துப் பாருங்கள், திப்புவின் மகன்கள் செய்த சதி என்று சொன்னால் தலைப்பாகை உத்தரவு போட்டவர்கள் தப்பிப்பார்கள், தலைப்பாகைதான் காரணம் என்றால் மாட்டுவார்கள். நாம் மனப்பாடம் செய்த பாயிண்ட் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதைச் சொல்லி லாபம் அடைந்த ஒருவர் இருக்கலாம் என்று தெரிந்ததும் பின் பெஞ்சு கூட நிமிர்ந்து உட்காரும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது நன்றாகவே புரிகிறது, இதற்கு ஆங்கிலம் ஒரு தடையே இல்லை.

பிளஸ் டூ வரலாற்று ஆசிரியர்கள் பொதுத்தேர்வு முடியும் வரை இதற்கு நேரம் ஒதுக்க முடியாது, தெரியும். பதினொன்றாம் வகுப்பில் மாதம் ஒரு பீரியட் போதும். பாடத்தில் ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு "இது எப்படித் தெரிந்தது?" என்று மட்டும் கேளுங்கள். ஊர்க் கோயில் சுவரில் கல்வெட்டு இருந்தால் இன்னும் நல்லது.

ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவே வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: "பி.ஏ. படிச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்கும் சித்தப்பாவுக்குக் குரூப் டூ என்று சொல்லிவிட்டு நகருங்கள், எந்த டிகிரி இருந்தாலும் எழுதலாம், பொய் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன, போனிலேயே படிக்கலாம். உங்கள் ஊர் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். மதுரைப் பக்கம் என்றால் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள், சென்னை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு.

அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அதுதான் கைகொடுக்கும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், கல்லூரி திறந்த பிறகு பேங்க் வாசலில் நின்று அட்டெண்டன்ஸை விடாதீர்கள்.