ஐயாவோட 68 மாடல் புல்லட்டும் எம்-ல ஆரம்பிக்கிற நம்பரும்

2025 பொங்கலுக்குத்தான் ஐயாவோட, அதான் எங்க தாத்தாவோட, 1968 மாடல் புல்லட்ட வீட்டு மூணாம் கட்டுலருந்து வெளிய தள்ளுனேன். நெல்லு மூட்டைக்கும் ஊறுகா ஜாடிக்கும் நடுவுல பதினோரு வருஷமா நின்னுச்சு, ரெண்டு டயரும் தட்டு மாதிரி சப்பிப் போய், டேங்குக்குள்ள பெட்ரோல்னு இருந்தது கோந்து. எங்க வீடு முன்தெருவுல ஆரம்பிச்சு பின்தெருவுல முடியும், நல்லவேளை, இல்லேன்னா அத்தனை நிலைப்படியும் தாண்டி முகப்பு வரைக்கும் 160 கிலோவ யாரு தூக்குறது. பின்வாசல் வழியா நாலு பேர் சேர்ந்து இறக்குனோம்.

இஞ்சின் வேலைய பத்தி இங்க எழுதப் போறதில்ல, அது நம்ம மெக்கானிக் அண்ணன் மூணு மாசத்துல முடிச்சுட்டாரு. எனக்கு உயிர் போனது பேப்பர் வேலையிலயும் நம்பர் பிளேட்டுலயும்தான், அதத்தான் எழுதணும்னு நெனச்சேன்.

மொதல்ல நம்பர். முழுசா இங்க போடல, எம்-ல ஆரம்பிக்கிற மூணு எழுத்து, அப்புறம் நாலு நம்பர். அப்ப நாம மெட்ராஸ் ஸ்டேட்டு, அதனால எம். 1969 ஜனவரி 14-ல தமிழ்நாடுன்னு பேரு மாறுச்சு, அதுக்கப்புறம் வந்த வண்டியெல்லாம் டி-ல ஆரம்பிச்சுச்சு, எம்.ஜி.ஆர் அம்பாசிடர் டி.எம்.எக்ஸ் 4777 ஞாபகம் இருக்குல்ல, அந்த வரிசை. இப்ப ஓடுற டி.என் 63, டி.என் 55 எல்லாம் 1988 சட்டம் 89 ஜூலையில அமலுக்கு வந்தப்புறம் வந்தது. பழைய வண்டிக்கு நம்பர் மாத்தல, பொறந்தப்ப வச்ச பேருதான் கடைசி வரைக்கும். ஐயாவோட ஆர்சி புக்குல இராமநாதபுரம் மாவட்டம்னு சீல் இருக்கு. எங்க ஊரு சிவகங்கை மாவட்டமா ஆனதே 1985-லதான், அதுக்கு முன்னாடி எல்லாம் ராம்நாடு.

இதுல ஒரு வம்பு வந்துச்சு. புக்கு கையெழுத்துல எழுதுனது, கம்ப்யூட்டர்ல வண்டியே இல்ல. ஆர்.டி.ஓ ஆபீஸ் கவுண்டர்ல இருந்த தம்பி நம்பரை மூணு தடவை தட்டிப் பார்த்துட்டு "இப்படி ஒரு வண்டியே இல்லையே சார்"னாரு. வாசல்ல நிக்கிது வந்து பாருங்கன்னேன், சிரிச்சாரு. பேக்லாக் என்ட்ரின்னு ஒண்ணு போட்டு பழைய புக்குல இருக்கிறத ஏத்தணும், அதுக்கு அவங்க பழைய லெட்ஜரோட ஒத்துப் பார்க்கணும், அந்த லெட்ஜர் எந்த ஆபீஸ் பரண்ல கெடக்குன்னு கண்டுபிடிக்க ஒன்றரை மாசம். இதுக்கு நடுவுல வண்டிச் சட்டத்துல குத்தியிருக்கிற சேஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் வேணும்னாங்க. ஹேண்டில் கழுத்துகிட்ட அஞ்சு கோட் பெயிண்டுக்கு அடியில இருந்துச்சு நம்பரு, உப்புத்தாள் போட்டுத் தேச்சா ஒரு 8 மட்டும் 3 மாதிரி தெரியுது, மெல்லிசு பேப்பர வச்சு பென்சில படுக்கப் போட்டு மெதுவா தேய்க்கத் தேய்க்க அந்த எட்டோட இடுப்பு ஏறி வந்துச்சு பாருங்க, அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

வண்டி இன்னும் ஐயா பேர்லதான். அவுக போயி ஒன்பது வருஷம் ஆச்சு. ஓனர் இறந்துட்டா சாதாரண டிரான்ஸ்பர் ஃபார்ம் 29, 30 ஆகாது, ஃபார்ம் 31. கூட இறப்புச் சான்று, தாசில்தார் ஆபீஸ் வாரிசுச் சான்று, மத்த வாரிசுங்க எல்லாரும் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும். அப்பச்சி, அதான் எங்க அப்பா, அவங்க கையெழுத்து அஞ்சு நிமிஷம். பெரிய அத்தை தேவகோட்டை, ஒரு மதிய சாப்பாட்டோட முடிஞ்சிருச்சு. சின்ன அத்தை சிங்கப்பூர். "ஏண்டா அப்பு, ஒரு இரும்புக்கு இத்தனை கையெழுத்தா, வீட்டுப் பங்குக்கே நான் ஒரு எடத்துலதானடா போட்டேன்"னு போன்ல ஒரே சிரிப்பு. ஆனா பேப்பர் வந்து சேர்றப்ப செப்டம்பர்.

அந்த தாமதத்துல எனக்கு ஆயிரம் ரூபா நட்டம். எப்படின்னா, பதினஞ்சு வருஷம் தாண்டுன சொந்த வண்டிக்கு அஞ்சு அஞ்சு வருஷமா ஆர்சி புதுப்பிக்கணும், ஃபார்ம் 25. டூ வீலருக்கு 2022 ஏப்ரல்லருந்து அந்த ஃபீஸ் 1,000. 2025 ஆகஸ்ட்ல புது அறிவிப்பு, இருபது வருஷத்துக்கு மேல ஆன டூ வீலருக்கு 2,000, காருக்குப் பத்தாயிரம். லேட் ஃபீஸ், பசுமை வரி எல்லாம் தனி, அந்தக் கணக்க இங்க எழுதுனா அப்பச்சி படிச்சிருவாங்க, வேணாம்.

"இதுக்கு எதுக்கு இம்புட்டு பாடு, வின்டேஜ்ல போட்டுற வேண்டியதுதானே"ன்னு நெறைய பேர் கேட்டாங்க. நானும் மொதல்ல அந்த ஆசையிலதான் இருந்தேன். 2021 ஜூலையில மத்திய அரசு கொண்டாந்த விதி அது, மொதல் ரிஜிஸ்ட்ரேஷன்லருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேஸ், பாடி, இஞ்சின்ல பெருசா கை வச்சிருக்கக் கூடாது. புதுசா பதியிற வண்டிக்கு ஸ்டேட் எழுத்து, அடுத்து வி.ஏ, ரெண்டு எழுத்து, நாலு நம்பர்னு வரும், ஃபீஸ் 20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபடி பதிய 5,000. ஏற்கனவே ரிஜிஸ்டர் ஆன வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வண்டிய தினசரி ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, மெயின்டனன்ஸ் பண்ண, அவ்வளவுதான். எனக்கு ஞாயித்துக்கிழமை காலையில ஆத்தங்குடி ரோட்டுல போயி ஒரு டீ குடிக்கணும், குன்றக்குடிக்கு அப்பத்தாவ பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகணும், இதெல்லாம் எந்த ராலியில சேத்தி? கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறவங்களுக்கு வி.ஏ சரி, ஓட்டுறவனுக்கு சாதா ரினியூவல்தான். இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

இப்ப பிளேட்டு. பின்னாடி பிளேட்டுல வெள்ளை ஸ்டிக்கர், கறுப்பு எழுத்து, ஓரமெல்லாம் பேந்து கெடந்துச்சு. அது 2000-க்கு அப்புறம் ஒட்டுனது, அதுக்கு முன்னாடி சொந்த வண்டின்னா கறுப்புப் பலகையில வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்குத்தான் வெள்ளைப் பலகை. ஸ்டிக்கருக்கு அடியில பழசு இருக்கும்னு ஒரு சந்தேகம். ஆர்வக்கோளாறுல பெயிண்ட் கரைக்கிற என்.சி தின்னர பஞ்சுல நனைச்சு ஒரு மூலையில தேச்சேன், கோந்தோட சேர்ந்து கீழ இருந்த பெயிண்டும் பால் ஆடை மாதிரி சுருங்கி ஒரு 7-ஓட வால் போயே போச்சு. செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. அதுக்கப்புறம் தங்கச்சியோட ஹேர் டிரையர் வச்சு சூடு காட்டி ஸ்டிக்கர கொஞ்சங் கொஞ்சமா உரிச்சு, மிச்ச கோந்த மண்ணெண்ணெயில துடைச்சேன், இந்தப் பக்குவம் நல்லா வேலை செய்யுது, அவசரப்படாம பண்ணுனா எனாமல் நிக்கும்.

அடியில கறுப்பு எனாமல், கையால எழுதுன வெள்ளை எழுத்து. எம்-ஓட எடது கால் ஒல்லி, வலது கால் தடிப்பு, பிரஷ்ஷ அழுத்தி இழுத்த எடம் அப்படியே தெரியுது. கீழ் ஓரத்துல எறும்பு சைஸுல மஞ்சள்ல "பழனியாண்டவர் துணை". அப்பத்தாவக் கூப்பிட்டுக் காட்டுனேன், கண்ணாடியத் துடைச்சுப் போட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது பாதயாத்திரை போயிட்டு வந்த வருஷம் எழுதச் சொன்னாக, கார்னருல எழுதுங்கன்னு நாந்தான் சொன்னேன்"னாங்க.

அந்தப் பலகைய அப்படியே மாட்டணும்னு கை அரிச்சுது. ஆனா கறுப்புப் பலகை இப்ப சொந்த வண்டிக்குச் செல்லாது, கறுப்புல மஞ்சள் எழுத்துன்னா தானே ஓட்டிக்கிற வாடகை வண்டி. நம்பரைத் தவிர வேற எதையும் எழுதவும் கூடாது. அதனால பழச முகப்புல ஐயா படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டு, வண்டிக்குப் புதுசு எழுதுனேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல இந்த மாதிரி நம்பர் தகடுங்க தொங்கும், அழகாத்தான் இருக்கும், செவுத்துல மாட்டுங்க, தப்பித் தவறி உங்க வண்டியில மாட்டிராதீங்க, வேற வண்டி நம்பரு, கேஸ் ஆயிரும்.

எழுதுறதுக்கு ஒரு பெரியவரைப் பிடிச்சேன், கடை போர்டு எழுதுனவரு, ஃப்ளெக்ஸ் வந்தப்புறம் பிரஷ்ஷத் தொடல. விதிப்படி அளவு சொன்னேன்: பின்னாடி எழுத்து 35 மில்லிமீட்டர் உயரம், நம்பர் 40, தடிப்பு 7, இடைவெளி 5, முன்னாடி 30, தடிப்பும் இடைவெளியும் அஞ்சஞ்சு. "தம்பி, மில்லிமீட்டர்லாம் இன்ஜினியருக்கு, எனக்கு நூலு போதும்"னாரு. சாக்குக்கட்டிய நூல்ல தேச்சு, ரெண்டு பக்கமும் பிடிச்சு சுண்டி விட்டாரு, வெள்ளைத் தகடுல சாக்குக் கோடு தெரியவே இல்ல, அப்புறம் அடுப்புக்கரியத் தேச்சு சுண்டுனாரு. எழுதி முடிச்சப்புறம் அவர் போனதும் ஸ்கேல் வச்சுப் பார்த்தேன். நாப்பதே. முன் மட்கார்டு மேல மீன் முதுகு மாதிரி நிக்கிற தகடுக்கும் ரெண்டு பக்கமும் அவரே.

இன்ஷூரன்ஸ்ல ஒரு சின்ன சந்தோஷம், புல்லட்டு 350-னு பேரு, உள்ள 346 சிசிதான், அதனால 350 வரைக்கும் உள்ள ஸ்லாப், தேர்ட் பார்ட்டி 1,366 பிளஸ் ஜி.எஸ்.டி. அஞ்சு சிசி கூடியிருந்தா 2,804 ஸ்லாப் பக்கம் போயிருக்கும். புகை சர்டிபிகேட்டுக்கு 2000-க்கு முன்னாடி வந்த டூ வீலருன்னா கார்பன் மோனாக்சைடு 4.5 சதம் வரைக்கும் விடுவாங்க, எனக்கு மொதல்ல 5.8, கார்புரேட்டர்ல இருக்கிற ஏர் ஸ்க்ரூவ அரைச்சுத்து வெளிய எடுத்ததும் 3.9.

கடைசியா பிரேக் இன்ஸ்பெக்டர். வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கன்னாரு. நானும் கெத்தா, இஞ்சின் அழுத்தத்த விடுற டீகம்ப்ரஷன் லீவரப் பிடிச்சு ஒரே கிக்குல ஸ்டார்ட் பண்ணி கெளம்புனேன், இதுல கியர் வலது கால், பிரேக் இடது கால், மொதல் கியர் மேல மத்த மூணும் கீழ. மூணு மாசமா ஓட்டிப் பழகுனவன்தான், ஆனா அவரு கைய நீட்டி "நிறுத்துங்க"ன்னதும் பதட்டத்துல வலது கால ஓங்கி மிதிச்சேன், மூணாவது கியர் விழுந்து வண்டி அவர தாண்டிப் போயி புளியமரத்துகிட்டதான் நின்னுச்சு. அவரு ஒண்ணும் சொல்லல. நடந்து வந்து, பிளேட்டக் குனிஞ்சு பார்த்து, "இது யாரு எழுதுனது, ஸ்டிக்கர் இல்லையே"ன்னாரு. சொன்னேன். "எங்கப்பா வச்சிருந்ததும் 68தான், வித்துட்டோம்"னு சொல்லிட்டு இன்னொரு தடவை சுத்திட்டு வரச் சொன்னாரு.

ஆர்சி 2030 வரைக்கும் வந்திருச்சு. அடுத்து அந்த வால் போன ஏழு, பெரியவரு வர்ற வாரம் வர்றேன்னிருக்காரு, பழைய வெள்ளையோட கலர் சேரணும்னா ஒரு சொட்டு மஞ்சள் கலக்கணுமாம்.